ரைட் சொல்லாத கண்டக்டர்

சனிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு, பேக்கரியின் பின்னறையில் ஒரு நீச்சல் குளம் தயாராகிக்கொண்டிருந்தது.

நீல ஜெல்லித் தண்ணீர். வெள்ளைக் கிரீமால் பிரித்த எட்டுப் பாதைகள். பாதைக்கு ஒருவராக, சர்க்கரைப் பாகில் செய்த எட்டு நீச்சல்காரர்கள். அண்ணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எட்டாவது ஆளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சுவிட்டால்கூட அந்த ஆளுக்கு மாறுகண் வந்துவிடும் என்பதால் அறையில் யாரும் பேசவில்லை.

"அண்ணி, இந்த ஆறாவது ஆளு ஏன் இப்படி முறைக்கிறாரு?" ராக்கெட்டுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"உங்க அண்ணனை மனசுல வச்சுக்கிட்டு செஞ்சேன். தானா அப்படி வந்துடுச்சு."

ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை மாவு மூட்டைமேல் நீட்டியிருந்த அண்ணன், ஆறாவது பாதைக்காரரைப் போலவே முறைத்தான். நேற்றுத் தரையில் சிந்திய வெண்ணெயில் கால் வைத்து, கணுக்கால் பிசகி, இரண்டு வாரம் நடக்கக்கூடாது என்று உத்தரவு.

போன ஞாயிற்றுக்கிழமை இதே மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் ராக்கெட் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தாள்.

ராக்கெட் என்பது அப்பா வைத்த பெயர். ஒன்பது வயதில் சைக்கிள் பழகிய முதல் நாளே அவள் தெருமுனை தாண்டிப் பறந்துபோனதில் வந்தது. இப்போது இருபத்தெட்டு வயது. பேக்கரியின் சின்ன வேன் அவள் கையில். ஆனால் ஒரு வருடமாக அந்த ராக்கெட் நேராகப் போவதில்லை. சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால் போதும், 'யாரையாவது இடிச்சிட்டேனோ' என்று நெஞ்சைப் பிடிக்கும். திரும்பிப் போய்ப் பார்ப்பாள். யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். கிளம்புவாள். 'சரியா பார்த்தேனா?' மறுபடி திரும்புவாள். திரும்பி வரும்போது இன்னொரு மேடு.

இருபது நிமிடத்தில் போய்ச் சேரவேண்டிய கேக், ஒன்றரை மணி நேரம் ஊர்வலம் போகும். போன மாதம் நான்கு கேக்குகள் தாமதம். ஒரு பிறந்தநாள் குழந்தை, கேக் வருவதற்குள் தூங்கியே போய்விட்டது.

இது சோம்பல் இல்லை, திமிர் இல்லை, ஒரு நோய். விடாமல் சுற்றிச் சுற்றி வரும் பயமும், அந்தப் பயத்தை அடக்கத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும்தான் அதன் அடையாளம். மனநல ஆலோசகரிடம் இரண்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவள் சொன்னபோது அண்ணி அழுதாள். அண்ணன் அழவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவரை வரச்சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

"ஒரு வாரம் குடு" என்று கேட்டு வாங்கியிருந்தாள். அந்த வாரத்தின் கடைசிக் கேக்தான், நீச்சல் கிளப் கோச்சின் பாராட்டு விழாவுக்குப் போகும் இந்த நீச்சல் குளம்.

"நாலு மணி" என்றான் அண்ணன். "கோச் நாப்பது வருஷம் விசில் ஊதினவரு. நாலுன்னா நாலுதான் அவருக்கு. நாலு அஞ்சு கிடையாது."

"தெரியும்."

"உன்னைத் திட்டணும்னு எனக்கு ஆசையா? நீ போன் எடுக்காத ஒவ்வொரு நிமிஷமும் நான் இங்க..."

"என்னங்க," என்றாள் அண்ணி தலையைத் தூக்காமல், "காலைக் கீழ வைக்காதீங்க. திங்கக்கிழமையைத் திங்கக்கிழமை பேசிக்கலாம். எட்டாவது ஆளுக்கு மூக்கு வைக்கிறேன், யாரும் ஆடாதீங்க."

ராக்கெட் சுவரில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள். கடையில் நின்று பொட்டலம் கட்டவும் அவளுக்குத் தெரியும். கல்லாவில் உட்காரவும் தெரியும். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மட்டும்தான் அவளுக்குத் தன்னைப் பிடிக்கும். போயும் போயும் பயம் அந்த ஒரு இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போக அவளுக்கு மனமில்லை.

"கேக்கைப் பார்த்துக்க யார் வர்றது?" என்றாள்.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. ஏதோ பதவியேற்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா," என்றாள் அண்ணி மெதுவாக, "உங்களால முடியுமா?"

"ஏன் முடியாது? முப்பத்திநாலு வருஷம் வண்டியில போனவன்."

"வண்டியில போறதைக் கேக்கலை. வாயை மூடிக்கிட்டுப் போறதைக் கேக்கறேன்."

அதில்தான் இருந்தது சங்கடம். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆள் ஏறியாச்சு, ஆள் இறங்கியாச்சு, பின்னால் வண்டி இல்லை, பயமில்லாமல் எடு என்று டிரைவருக்குச் சொல்லும் ஒற்றை வார்த்தை 'ரைட்!' அதைச் சொல்லியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு வருடமாக அந்த வார்த்தையை அவர் மகளுக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இப்ப ஒரு மேட்டுல ஏறி இறங்குச்சு. டக்குன்னு ஒரு சத்தம். ரைட்டா?"

"ரைட்!"

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாலையைக் கண்ணால் பார்க்காமலே சொல்வார். பத்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு வரும். ஒருநாள் இருபத்துமூன்று ரைட் கொடுத்திருக்கிறார்.

புதன்கிழமை ஆலோசகர் அவரையும் வரச்சொல்லி விளக்கினார். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ரைட்டும் அடுத்த கேள்விக்குப் போடும் விறகு, அன்பாகச் சொல்கிறீர்கள், ஆனால் அடுப்பு அணைய மாட்டேன் என்கிறது என்று. அப்பா முகம் சுண்டிப்போய்த் திரும்பி வந்தார். இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, "இனிமே அவளுக்கு ரைட் கிடையாது" என்று சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு ஒரு கவளம்தான் சாப்பிட்டார்.

"முடியும்" என்றார் இப்போது. "நான் வெறும் லக்கேஜ். அப்படி நெனச்சுக்கோங்க."

---

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வேன் கிளம்பியது.

பின்னால் வழுக்காத விரிப்பின்மேல் கேக் பெட்டி. அதற்கும் ஓட்டுபவர் இருக்கைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அப்பா முன்னிருக்கையில் உடம்பை முறுக்கி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தபடி வந்தார்.

முதல் மேடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால். வேன் ஏறி இறங்கியது. ராக்கெட் பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். எல்லா டிரைவரும் பார்க்கிற அந்த ஒரு பார்வை உனக்கும் உண்டு, அதற்கு மேலே பார்ப்பதெல்லாம் நோயின் பங்கு என்று ஆலோசகர் கணக்குக் கொடுத்திருந்தார்.

"பத்துக்கு நாலு" என்றாள்.

"என்னது?"

"பயம். பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் மார்க் போடணும்."

"நாலு பாஸ்தானே?"

"அப்பா!"

"சரி சரி. லக்கேஜ் பேசாது."

இரண்டாவது மேடு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். சனிக்கிழமைக் கூட்டம். வேன் மேட்டில் ஏறி இறங்கிய அதே நொடியில் எங்கிருந்தோ 'டொம்' என்று ஒரு சத்தம்.

ராக்கெட்டின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகின. கண்ணாடியில் பார்த்தாள். குடை பிடித்த ஒரு பெண், சைக்கிளில் ஒருவர், பெட்டி இறக்கும் இருவர். ஒரு பார்வை முடிந்தது. ஆனால் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அப்பா, குடை பிடிச்ச அம்மா எங்கே?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். "மணிக்கூண்டு. ஆஸ்பத்திரி. கோர்ட்டு. பழைய பாலம்."

"என்ன சொல்றீங்க?"

"என் பழைய ரூட்டோட ஸ்டாப்பிங். வாய் சும்மா இருந்தா வேற எதையாவது சொல்லிடும்."

"பின்னாடி வண்டியெல்லாம் சாதாரணமாத்தானே வருது?"

"மில் கேட். தண்ணித் தொட்டி."

"யாரோ கத்தின மாதிரி இல்ல?"

"தபால் ஆபீஸ்."

"அப்பா, நான் கேள்வி கேக்கலை. சும்மா பேசிக்கிட்டு வரலாமேன்னுதான். அந்த சைக்கிள்காரர் நீலச் சட்டைதானே போட்டிருந்தாரு? இன்னும் வர்றாரா?"

"கேள்வியைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக் கேக்கற. எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா? பெண்கள் காலேஜ். பெண்கள் காலேஜ் எல்லாம் இறங்குங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் வியர்வை ஓடியது. சாலையோரம் வேனை நிறுத்தினாள். சற்றுத் தள்ளித் திரும்புவதற்கான வளைவு தெரிந்தது. அந்தப் பக்கத்துக்கு இண்டிகேட்டரைப் போட்டாள்.

டிக். டிக். டிக்.

மூன்று இருபத்தாறு.

திரும்பிப் போனால் எட்டு நிமிடம். பார்த்துவிட்டு வர எட்டு நிமிடம். பார்த்தபின் நம்பிக்கை வருமா? வந்ததே இல்லை. நான்கு மணிக்கு முன்னால் போய்ச் சேரவும் முடியாது. சாவி திங்கட்கிழமை வேறொருவர் கைக்குப் போகும். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை இண்டிகேட்டரை விட்டு வரவில்லை. ஒருவேளை யாராவது அங்கே விழுந்து கிடந்தால்?

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"ஒன்பது."

"எனக்குப் பன்னெண்டு."

"பத்துக்கு மேல கிடையாதுப்பா."

"அப்ப எனக்குப் புது ஸ்கேல் குடுக்கச் சொல்லு." அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். குரல் இறங்கியிருந்தது. "ராக்கெட்டு, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். ஒரே ஒரு தடவை. ஆலோசகர் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ரை..."

அவள் சட்டென்று கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"சொன்னீங்கன்னா இங்கேயே இறக்கி விட்டுடுவேன்."

அப்பா அவள் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டார். "உனக்கு என்னம்மா தெரியும்? பொண்ணு பக்கத்துல உக்காந்து தவிக்கறா. என்கிட்ட மருந்து இருக்கு. குடுக்காதேங்கறாங்க. எந்த அப்பனுக்கு இது முடியும்?"

"அது மருந்து இல்லப்பா. அரிக்குதுன்னு சொறிஞ்சு விடற மாதிரி. சொறியும்போது சுகமா இருக்கும். அப்புறம் புண்ணு பெருசாகும்."

"அப்ப நான் எதுக்கு இந்த வண்டியில?"

 இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் கை ஈரமாக, சூடாக இருந்தது. இந்த ஒரு வருடத்தில் அவரிடம் எத்தனையோ ரைட் வாங்கியிருக்கிறாள். கையைப் பிடித்தது கிடையாது என்று தோன்றியது. எல்லாமே போனில்தானே.

"எனக்கு பயமா இருக்குப்பா" என்றாள். கேள்வியில்லாமல் அதை மட்டும் சொன்னது இதுதான் முதல் தடவை. "ரொம்ப பயமா இருக்கு. அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். இப்படியே இருங்க."

அப்பா தலையை ஆட்டினார். ஸ்டாப்பிங் பெயர்கூடச் சொல்லவில்லை.

"யாரையோ இடிச்சிருக்கலாம்" என்றாள் ராக்கெட், ஆலோசகர் எழுதிக் கொடுத்த வரிகளை மனப்பாடமாக. "இடிக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலே போறேன்."

இண்டிகேட்டரை அணைத்தாள். முதல் கியர் விழுந்தது.

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பத்திநாலு வருடத்தில் அவர் ரைட் சொல்லாமல் ஒரு வண்டி கிளம்பியது இதுதான் முதல் தடவை.

பாலம் தாண்டும்போது எட்டு. பெட்ரோல் பங்க் அருகே ஏழு. மைதானத்துச் சுவர் தெரிந்தபோது, இறங்க மனமில்லாமல் ஆறில் நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று அவள் ஓட்டினாள்.

---

நீச்சல் கிளப்பின் மண்டபத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். குறுகலான சந்து. வேனைப் பின்னோக்கி எடுத்துக் கதவருகே நிறுத்தினால்தான் கேக்கை இறக்க முடியும்.

"அப்பா, இறங்கிப் பின்னாடி பார்த்துக்கோங்க."

அப்பா இறங்கினார். வேனின் பின்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராக்கெட் ரிவர்ஸ் எடுத்தாள். கண்ணாடியில் அப்பா சிலை மாதிரி நின்றார். கையாட்டவில்லை, வா என்கவில்லை, போ என்கவில்லை. சத்தம் போடாமல் நிற்கிறார் என்றால் இடமிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வந்தாள்.

டமார்!

ஏதோ உருண்டது. ஏதோ கவிழ்ந்தது. மூடி ஒன்று தரையில் வட்டமடித்து ஓய்ந்தது.

ராக்கெட் கைபிரேக்கைப் போட்டு இறங்கினாள். சக்கரம் வைத்த பச்சைக் குப்பைத்தொட்டி வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

"இடிச்சிட்டேன்" என்றாள்.

"ஆமா" என்றார் அப்பா. "நல்லாவே இடிச்ச. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்துக்கிட்டா இருந்தீங்க? சொல்லவேண்டியதுதானே!"

"நீதானே வாயைத் திறந்தா இறக்கி விட்டுடுவேன்னே! அதான் இறங்கியாச்சு, இனிமே என்னத்தைத் திறக்கறதுன்னு நின்னேன்!"

"அய்யோ அப்பா! அது என் பயத்துக்கு! இது ரிவர்ஸுக்கு! ரிவர்ஸ் எடுக்கும்போது சொல்லணும்ப்பா!"

"அதை முன்னாடியே பிரிச்சுச் சொல்லணும். மனுஷன் எதைச் சொல்றது, எதைச் சொல்லக்கூடாதுன்னு குழம்பிப்போய் நிக்கறேன். இதுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க வீட்ல."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்பைத்தொட்டிமேலேயே சாய்ந்து சிரித்தாள். ஒரு வருடமாக ஆயிரம் தடவை மனதுக்குள் இடித்து, ஆயிரம் தடவை போலீஸில் சரணடைந்து, கண்ணீர் விட்டவள். நிஜமாக இடித்தபோது செய்யவேண்டியதெல்லாம் தொட்டியை நிமிர்த்தி, மூடியைத் தேடி எடுத்து, சிதறிய நாலு காகிதத்தைப் பொறுக்கிப் போடுவதுதான். ஒன்றரை நிமிட வேலை.

மூன்று ஐம்பத்தொன்று.

கேக் பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. ஏழு பேர் அழகாக நீந்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாதைக்காரர் தலைகீழாக ஜெல்லிக்குள் போய், இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"போச்சு" என்றார் அப்பா. "ஒருத்தர் மூழ்கிட்டாரு. நீச்சல் கோச்சுக்கு இப்படி ஒரு கேக்கா?"

"மூழ்கலைங்க" என்றது ஒரு குரல். "டைவ் அடிக்கறாரு."

கதவைப் பிடித்துக்கொள்ள வந்திருந்த, விழாவுக்கு லைட் போடும் லைட்காரர். முப்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். மணிக்கட்டில் வளையல் மாதிரி வெள்ளை டேப் சுருள். குனிந்து கேக்கை ஒரு கண்ணால் பார்த்தார். "தொடாதீங்க. எடுத்து நிறுத்தினா ஜெல்லி கிழியும். மேசையில வச்சதும் ஒரு சின்ன லைட்டை நேரா அந்தக் காலு மேல போடறேன். வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

அப்படியே ஆனது. நாலு மணிக்குக் கோச் வந்தார். கேக்கைப் பார்த்தார். மூன்றாவது பாதையில் ஒளி வட்டத்துக்குள் நீண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார். மண்டபம் அதிரச் சிரித்தார்.

"இதை யார் உங்ககிட்டச் சொன்னது? என்கிட்டப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு விசில் ஊதறதுக்கு முன்னாடி இப்படித்தான் விழுவாங்க!"

அண்ணனின் அழைப்பு நாலு மூன்றுக்கு வந்தது. ராக்கெட் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எத்தனை தடவை திரும்பினே?" என்றான் எடுத்த எடுப்பில்.

"ஒரு தடவையும் இல்ல. ஒன்பது நிமிஷம் முன்னாடி வந்துட்டோம்."

மறுமுனையில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"ஆனா ஒரு குப்பைத்தொட்டியை இடிச்சிட்டேன்."

"நிஜமாவா, இல்ல..."

"நிஜமா. அப்பா சாட்சி. கை கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தாரு."

பின்னணியில் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமினான். "அந்த டிரைவர்கிட்ட... வேண்டாம்னு சொல்லிடறேன். நீ மறுபடியும் லேட்டாவேன்னு எனக்குத் தெரியும். பரவாயில்ல. லேட்டாகும்போது போன் எடு. திட்டமாட்டேன். எடு, அது போதும்."

"அண்ணே."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காலைக் கீழ வைக்காதே."

---

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்வாசல் நடையில் வந்தபோது, லைட்காரர் ஒரு சின்ன அறையிலிருந்து வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். பத்து அடி நடந்தார். நின்றார். திரும்பிப் போய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சாத்தினார். பத்து அடி. நின்றார்.

அந்த நிற்றலை ராக்கெட்டுக்குத் தெரியும். தோள் முன்னே போக, கழுத்து பின்னே இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா?

அவளைப் பார்த்ததும் அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "ஒரு லைட்டைச் சோதிச்சேன். பிளக்கைப் பிடுங்கிட்டேனான்னு... நீங்க அந்தப் பக்கமாத்தானே வந்தீங்க? பார்த்தீங்களா?"

கதவு திறந்தபோது அவள் பார்த்திருந்தாள். பிளக் தரையில் கிடந்தது.

"பிடுங்கியாச்சு. பார்த்தேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பார்க்கவே நன்றாக இருந்தது. ஒரு சொல்லால் ஒரு ஆளை இப்படி மலரவைக்க முடியும் என்றால் யார்தான் சொல்லமாட்டார்கள்? ஆறு அடி நடந்தார். மலர்ச்சி வாடியது.

"நல்லாத் தெரிஞ்சுதா உங்களுக்கு? அந்த லைட்டோட ஒயர்தானே அது, பக்கத்து ஒயர் இல்லையே?"

"அதேதாங்க."

நாலு அடி. "தப்பா நெனச்சுக்காதீங்க..."

ராக்கெட்டுக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அதை விழுங்குவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேனில் அப்பாவின் கழுத்தில் ஓடிய வியர்வை நினைவுக்கு வந்தது.

"இன்னொரு தடவையும் சொல்வேன்" என்றாள். "ஆனா அது நாலு அடிக்கு மேல தாங்காதுங்க. எனக்கும் அப்படித்தான்."

"உங்களுக்கும்?"

"உங்களுக்கு பிளக்கு. எனக்கு ரோடு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கொலை பண்ணிக்கிட்டுத்தான் கேக் கொண்டுவர்றேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "நான் இதுவரைக்கும் பதினேழு மண்டபத்தை எரிச்சிருக்கேன். எல்லாம் ராத்திரி படுக்கையில படுத்துக்கிட்டு." சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. "யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. எனக்கு மட்டும்தான் மூளை இப்படின்னு நெனச்சேன்."

"எட்டுப் பேர் இருக்கோம். ஆலோசகர் இடத்துல சனிக்கிழமை காலையில வட்டமா உக்காந்து பேசுவோம். ஒருத்தர் அடுப்பு. ஒருத்தர் கை கழுவறது. ஒரு டீச்சர், விடைத்தாளைத் திருப்பித் திருப்பி எண்ணுவாங்க. அழுவோம். ஆனா சிரிக்கறதுதான் ஜாஸ்தி. வெளிய யாருக்கும் புரியாத ஜோக்கெல்லாம் அங்க புரியும்."

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். "இப்ப நான் திரும்பிப் போய்ப் பார்க்காம இருக்கணுமா?"

"இருக்கணும்னு இல்ல. இருந்து பார்க்கலாம்."

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கறது?"

"தெரியாதுங்க. ஒரு தடவைகூடத் திரும்பாம வந்தது எனக்கே இன்னைக்குத்தான் முதல் நாள்."

நின்றார்கள். மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்டது. அவர் நெற்றியைத் துடைத்தார். அவள் காலிப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். இரண்டு பேர் சாத்திய கதவை வெறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி, கேக் தட்டோடு அப்பா வந்து சேர்ந்தார்.

"யாரும்மா தம்பி?"

"லைட்டுப்பா."

"நான் கண்டக்டர்" என்றார் அப்பா, சமமான மரியாதையோடு. "உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல."

"அப்ப எதுக்கு நிக்கறோம்?"

"சும்மாதாம்ப்பா."

அப்பாவும் சேர்ந்து நின்றுகொண்டார்.

கிளம்பும்போது லைட்காரர் மணிக்கட்டுச் சுருளிலிருந்து ஒரு முழம் டேப்பைக் கிழித்து, மார்க்கரோடு நீட்டினார். "அந்த ஆலோசகர் நம்பர்." ராக்கெட் பெட்டியை மேசையாக்கி எழுதிக் கொடுத்தாள். அவர் அதைக் கருவிப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி, மேலே இரண்டு தடவை தடவி விட்டார்.

---

மார்க்கெட் அருகே சிக்னல் சிவப்பாக இருந்தது. அப்பா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நீல ஜெல்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ராக்கெட்டுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

கேக் பெட்டி ஒவ்வொன்றின்மேலும் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் கூப்பிடுங்கள் என்று மார்க்கரால் தன் நம்பரை எழுதுவது அவள் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, யோசிக்காமல், கை தானாக எழுதும். சற்று முன்னால் அந்தக் கை, பெட்டியின்மேல் வைத்த டேப்பில், மார்க்கரால் எந்த நம்பரை எழுதியது? ஆலோசகருடையதா, தன்னுடையதா?

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

"அப்பா, நான் அந்த டேப்புல எழுதும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"என்ன நம்பர் எழுதினேன்னு பார்த்தீங்களா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு கரண்டி ஜெல்லியை நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார். மீசைக்குக் கீழே ஏதோ துடித்தது.

"கேக் நல்லா இருக்கு" என்றார்.

சிக்னல் பச்சையானது. வலது பக்கம் திரும்பிப் போக வழி காலியாகக் கிடந்தது. மண்டபம் இருபது நிமிட தூரம்தான். லைட்காரர் இன்னும் ஒயர் சுருட்டிக்கொண்டுதான் இருப்பார்.

ராக்கெட்டுக்கு நெஞ்சு படபடத்தது. ஒன்பது இருக்கும். ஆனால் இது இத்தனை நாள் பார்த்த ஒன்பதாகத் தெரியவில்லை.

கியரைப் போட்டு, நேராகப் போனாள்.